ஏதோம் ராஜாவின் எலும்பை மோவாப் எரித்தால் இஸ்ரவேலின் கடவுளுக்கு என்ன?

கேள்வி சுருக்கமாக இதுதான். பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசிகள் பாபிலோன், எகிப்து, மோவாப், தீரு என்று அக்கம்பக்கத்து நாடுகளை வரிசையாக நிறுத்தி "அழிந்துபோவாய்" என்கிறார்களே, மோசேயின் சட்டத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத அந்த ஜனங்களை எந்தச் சட்டப்படி தண்டிப்பது? பக்கத்து ஊர்க்காரன்மேல் உள்ள வயிற்றெரிச்சலுக்குக் கடவுள் பெயரைப் போட்டுக்கொண்டதுதானே இது? அப்புறம், சொன்னதெல்லாம் நடந்ததா?

நியாயமான கேள்வி. வயிற்றெரிச்சல் இல்லவே இல்லை என்று நான் சொல்லப்போவதில்லை. நினிவேயின் வீழ்ச்சியைப் பாடும் நாகூமின் 3 அதிகாரங்களை ஒரே மூச்சில் வாசித்தவர் யாரும் அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் இந்தப் பேச்சுகள் யாருடைய காதுக்காகப் பேசப்பட்டன என்று கவனித்துப் பார்த்தால் விஷயம் வேறு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது. மோவாப் ராஜா எருசலேமுக்கு வந்து உட்கார்ந்து ஏசாயாவின் பேச்சைக் கேட்கவில்லை. கேட்டவர்கள் யூதர்களும் இஸ்ரவேலரும்தான்.

அதற்கு முன்னால் ஒரு சொல் சிக்கலைத் தீர்த்துவிடுகிறேன். பழைய தமிழ் வேதாகமத்தில் "ஜாதிகள்" என்று வருவது எபிரேயத்தில் "கோயிம்", அதாவது நாடுகள், மக்களினங்கள். நம் ஊர்ச் சாதிக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. "ஜாதிகளை நியாயந்தீர்ப்பார்" என்பதைச் சின்ன வயதில் நான் வேறு மாதிரி புரிந்துகொண்டு, பரவாயில்லையே, நல்ல கடவுளாக இருக்கிறாரே என்று நினைத்ததுண்டு. இன்னொன்று, அந்த "கோய்" என்ற சொல் அந்நியருக்கு மட்டும் உரியது அல்ல. யாத்திராகமம் 19-ல் இஸ்ரவேலையே "பரிசுத்த ஜாதி" என்கிற இடத்திலும் அதே சொல்தான். அதேபோல "பாபிலோன்மேல் வரக்கண்ட பாரம்" என்பதில் உள்ள "பாரம்" எபிரேயத்தில் "மஸ்ஸா". சுமை என்றும் பொருள், அருள்வாக்கு என்றும் பொருள். அந்தச் சிலேடையை வைத்து எரேமியா 23-ல் ஒரு பெரிய வாக்குவாதமே நடக்கிறது. தமிழில் சுமை மட்டும் வந்து சேர்ந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வகைப் பேச்சின் சாவி ஆமோஸ் புத்தகத்தின் முதல் இரண்டு அதிகாரங்களில் இருக்கிறது என்பது என் கருத்து. காலம் ஏறக்குறைய கி.மு. 760. அப்போது அந்த ஜனம் வடக்கே இஸ்ரவேல், தெற்கே யூதா என்று இரண்டு நாடாகப் பிரிந்திருந்தது. ஆமோஸ் தெற்கே யூதாவில், பெத்லகேமுக்கு அந்தப் பக்கம் உள்ள தெக்கோவாவைச் சேர்ந்தவர், மந்தை மேய்த்துக் காட்டத்திப்பழ வேலை பார்த்தவர். அவர் வடக்கே, இரண்டாம் எரொபெயாம் ஆண்ட இஸ்ரவேலுக்குப் போய்ப் பேசுகிறார். எரொபெயாமின் காலம் செழிப்பான காலம். எல்லை விரிந்திருந்தது, பணக்காரர்களுக்குத் தந்தக் கட்டில் இருந்தது, பெத்தேல் கோயிலில் கூட்டத்துக்குக் குறைவில்லை.

வெளியூர்க்காரர் ஒருவர் வந்து எடுத்த எடுப்பில் தமஸ்குவைத் திட்டுகிறார்: "தமஸ்குவின் மூன்று பாதகங்களினிமித்தமும், நாலு பாதகங்களினிமித்தமும், நான் அதின் ஆக்கினையைத் திருப்பமாட்டேன்." குற்றம் என்னவென்றால் அவர்கள் கீலேயாத்தை இரும்புக் கருவிகளால் போரடித்தார்கள், அதாவது களத்தில் கதிரடிப்பதைப்போல மனிதர்களை. கூட்டம் தலையாட்டியிருக்கும். கீலேயாத் அவர்கள் மண், தமஸ்கு நூறு வருஷப் பகை. அடுத்து காத்சா: பிடித்த ஜனங்களை ஒருவர் விடாமல் ஏதோமுக்கு விற்றது. அடுத்து தீரு: அதே அடிமை வியாபாரம், அதுவும் சகோதர உடன்படிக்கையை மறந்து. ஏதோம்: சகோதரனைப் பட்டயத்தோடு துரத்தியது. அம்மோன்: தன் எல்லையை விரிக்கக் கர்ப்பிணிகளின் வயிற்றைக் கிழித்தது. மோவாப். பிறகு யூதா.

வரைபடத்தில் வைத்துப் பாருங்கள். தமஸ்கு வடகிழக்கு, காத்சா தென்மேற்கு, தீரு வடமேற்கு, ஏதோம் தென்கிழக்கு. இஸ்ரவேலுக்குக் குறுக்காக இரண்டு கோடு போட்டதுபோல. உறவு முறையிலும் நெருங்கி வருகிறார். முதல் மூன்றும் அந்நியர், ஏதோம் ஏசாவின் வம்சம், அம்மோனும் மோவாபும் லோத்தின் வம்சம், அதாவது பங்காளிகள், யூதா உடன்பிறந்தவன். ஏழு ஆயிற்று. ஏழு என்றால் கணக்கு முடிந்தது என்று கேட்கிறவன் நினைப்பான், பேச்சு முடிந்தது, கைதட்டலாம் என்று எழுந்திருக்கும் நேரத்தில் எட்டாவதாக அதே வாய்பாட்டோடு "இஸ்ரவேலின் மூன்று பாதகங்களினிமித்தமும்" என்று ஆரம்பிக்கிறார். மற்ற ஏழு பேருக்கும் சேர்த்துத் தலையாட்டியவன் இப்போது எப்படி மறுப்பான்? (தீரு, ஏதோம், யூதா பற்றிய பகுதிகள் பிறகு சேர்க்கப்பட்டவை என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள், அவை கொஞ்சம் குட்டையாக, வேறு அமைப்பில் இருப்பதால். அப்படியே இருந்தாலும் பொறி பொறிதான்.)

இனி உங்கள் முதல் கேள்வி, எந்தச் சட்டம் என்பது. அந்தப் பட்டியலில் யூதாவைத் தவிர யாரிடமும் மோசேயின் சட்டத்தைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஓய்வுநாள் இல்லை, பன்றிக்கறி இல்லை, விக்கிரக வழிபாடுகூட இல்லை. அந்நியருடைய பெரிய குற்றம் வேறு தெய்வத்தைக் கும்பிடுவதுதான் என்று எதிர்பார்த்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். கேட்கப்படுவதெல்லாம் ஆள் கடத்தல், கர்ப்பிணிக் கொலை, பேச்சு மீறல், பிணத்தை அவமதித்தல். இதெல்லாம் தப்பு என்று தெரிந்துகொள்ள மோசே சட்டம் வாங்கிய சீனாய் மலை யாருக்கும் தேவையில்லை.

இதில் மோவாபின் வழக்குதான் என்னை எப்போதும் நிறுத்தி வைப்பது. மோவாப் செய்தது என்ன? ஏதோம் ராஜாவின் எலும்புகளை நீறாகும்வரை சுட்டது. பழைய அரமேய மொழிபெயர்ப்பு அதோடு நிற்காமல், அந்தச் சுண்ணாம்பை எடுத்து வீட்டுக்கு வெள்ளையடித்தான் என்று வேறு சேர்க்கிறது. யார் செய்தது? மோவாப். யாருக்குச் செய்தது? ஏதோமுக்கு. இஸ்ரவேலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. அதுவும் சற்று முன்னால்தான் ஏதோமையே குற்றவாளியாக நிறுத்தியிருந்தார். ஆக எதிரிக்கு எதிரி செய்த கொடுமைக்கு இஸ்ரவேலின் கடவுள் நியாயம் கேட்கிறார். வெறும் தேசப் பகையாக இருந்தால் இந்த ஒரு வசனத்துக்கு அங்கே வேலையே இல்லை.

இது எவ்வளவு விசித்திரம் என்று தெரிய, மோவாபியர் தங்கள் பக்கத்திலிருந்து எழுதி வைத்ததைப் பார்க்க வேண்டும். 1868-ல் இப்போதைய யோர்தானில் உள்ள தீபானில் ஒரு கறுப்புக் கல் கிடைத்தது, இன்று பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கி.மு. 9-ஆம் நூற்றாண்டில் மோவாபின் ராஜா மேசா வெட்டி வைத்தது. இஸ்ரவேலின் ராஜா உம்ரி மோவாபை வெகுகாலம் ஒடுக்கினான், ஏனென்றால் மோவாபின் தெய்வமான கேமோஷ் தன் தேசத்தின்மேல் கோபமாயிருந்தார் என்கிறான் மேசா. ஊரையும் தெய்வத்தையும் மாற்றிப் போட்டால் நியாயாதிபதிகள் புத்தகத்தில் ஒரு வசனம்போல இருக்கும். தெய்வம் தன் சொந்த ஜனத்தின்மேல் கோபப்பட்டு எதிரியிடம் ஒப்புக்கொடுக்கும் என்ற எண்ணம் இஸ்ரவேலுக்கு மட்டும் உரியது அல்ல, அந்தப் பகுதி முழுவதற்கும் பொது. எதிரிகளைப் பெயர் சொல்லிச் சபிப்பதும் பொதுதான். எகிப்தில் அந்நிய ராஜாக்களின் பெயர்களைச் சட்டியிலும் களிமண் பொம்மையிலும் எழுதிப் போட்டு உடைத்திருக்கிறார்கள், ஆமோஸுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே. ஆனால் கேமோஷ் ஒரு அம்மோனியனுக்காக இன்னொரு நாட்டின்மேல் வழக்குப் போட்டதாகக் கல்லில் காணோம். மேசாவின் கல்லில் நேபோ ஊரில் 7,000 பேரைக் கொன்றது புகழாகவே இருக்கிறது.

எட்டாவது குற்றப்பத்திரிகையையும் பாருங்கள். அதில் இஸ்ரவேல் நீதிமானைப் பணத்துக்கு விற்றது, எளியவனை ஒரு ஜோடி பாதரட்சைக்கு விற்றது, அடகு வாங்கிய துணியை விரித்துப் பலிபீடத்தின் பக்கத்தில் படுத்துக்கொண்டது. கர்ப்பிணியின் வயிற்றைக் கிழிப்பதும் கடன்காரனைச் செருப்பு விலைக்கு விற்பதும் ஒரே பட்டியலில், ஒரே வாய்பாட்டில். கூட்டத்துக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க வேண்டியதில்லை. பெத்தேலின் ஆசாரியன் அமத்சியா வந்து, உன் ஊருக்குப் போய் அங்கே பிழைத்துக்கொள் என்று துரத்துவது 7-ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. பூமியின் வம்சங்களில் உங்களை மட்டுமே அறிந்துகொண்டேன், அதனால்தான் உங்களைத் தண்டிப்பேன் என்கிறது 3:2. நாமாக இருந்தால் "அதனால்தான்" என்ற சொல்லுக்குப் பிறகு "காப்பாற்றுவேன்" என்று எழுதியிருப்போம். 9:7 இன்னும் மோசம், அதாவது அவர்களுக்கு: உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தேன் என்று பெருமை பேசுகிறீர்களே, பெலிஸ்தரைக் கப்தோரிலிருந்தும் சீரியரைக் கீரிலிருந்தும் கொண்டுவந்தது யார்? யாத்திரைக் கதை அவர்களுக்கும் உண்டு என்கிறார்.

மற்றப் புத்தகங்களிலும் இந்த நூல் ஓடுகிறது, ஒரே அளவில் அல்ல. ஏசாயா 13 முதல் 23 வரை ஒரு நீண்ட தொகுப்பு. அதன் நடுவில், 22-ல், "தரிசனப் பள்ளத்தாக்கு" என்று தலைப்பிட்டு எருசலேமையே உட்கார வைத்திருக்கிறார்கள், அந்நிய நாடுகளின் வரிசையில் ஒன்றாக. 10-ஆம் அதிகாரத்தில் அசீரியா கடவுளின் கையில் உள்ள கோல். ஆனால் வெட்டுகிறவனுக்கு விரோதமாகக் கோடரி மேன்மை பாராட்டலாமா என்று அந்தக் கோலுக்கே தண்டனை. 19-ன் கடைசியில் எகிப்தை "என் ஜனம்" என்றும் அசீரியாவை "என் கைகளின் கிரியை" என்றும் கடவுள் ஆசீர்வதிக்கிறார், இஸ்ரவேல் மூன்றாவதாக வருகிறது. கிரேக்கத்தில் மொழிபெயர்த்தவர்களுக்கே இது பொறுக்கவில்லை போலும். எகிப்தில் இருக்கும் என் ஜனம் என்று மாற்றி, ஆசீர்வாதத்தை அங்கே குடியிருந்த யூதர்களுக்குத் திருப்பிவிட்டார்கள்.

மோவாபைப் பற்றி இன்னொன்று. ஏசாயா 15, 16-லும் எரேமியா 48-லும் மோவாபின் அழிவைச் சொல்கிறவர் பாதியில் அழ ஆரம்பித்துவிடுகிறார். சிப்மாவின் திராட்சைக்கொடிக்காக அழுகை, ஆலைகளில் ஆரவாரம் நின்றுபோனதற்காக அழுகை. அழுகிறவர் தீர்க்கதரிசியா கடவுளா என்று எரேமியாவில் பிரித்துச் சொல்வது கடினம், ஏனென்றால் "திராட்சரசத்தை நிறுத்தினேன்" என்கிற குரலும் அழுகிற குரலும் அடுத்தடுத்த வரிகளில் கலந்து கிடக்கின்றன. ஒப்பாரி வடிவத்தை எதிரியைக் கிண்டல் செய்யவும் பயன்படுத்துவார்கள்தான், அப்படி வாசிக்கிறவர்களும் உண்டு. என் காதுக்குக் கிண்டலாகப் படவில்லை.

எரேமியா 25-ல் கடவுளின் கோபம் நிறைந்த ஒரு கிண்ணத்தை நாடு நாடாகக் கொண்டுபோய்க் குடிக்கக் கொடுக்க வேண்டும். முதலில் குடிக்கிறது எருசலேம், கடைசியில் "சேசாக்கு". அப்படி ஒரு நாடு கிடையாது. எபிரேய எழுத்துகளில் முதல் எழுத்துக்குக் கடைசி எழுத்து, இரண்டாவதுக்குக் கடைசிக்கு முந்தியது என்று மாற்றிப் போட்டால் பாபேல், சேசாக்கு ஆகிவிடும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் வாத்தியாருக்குத் தெரியாமல் எழுதும் ரகசிய எழுத்துபோல. அதே எரேமியா, பாபிலோனின் அழிவை எழுதிய சுருளை, பாபிலோனுக்குப் போகிற செராயாவிடம் கொடுத்து, அங்கே போய் வாசித்துவிட்டுக் கல்லைக் கட்டி ஐப்பிராத்து நதியில் எறியச் சொல்கிறார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு எழுதிய கடிதத்திலோ அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். தண்டிக்கிற வேலையைத் தாங்கள் கையில் எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கவில்லை.

சொன்னது நடந்ததா? சில நடந்தன. அசீரியாவின் தலைநகர் நினிவே கி.மு. 612-ல் பாபிலோனியரிடமும் மேதியரிடமும் விழுந்தது, எழவே இல்லை. சில சொன்னபடி நடக்கவில்லை, அதை அந்தப் புத்தகங்களே மறைக்கவில்லை. எசேக்கியேல் 26-ல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் தீருவைத் தரைமட்டமாக்குவான், அதன் செல்வத்தைக் கொள்ளையிடுவான் என்று இருக்கிறது. அவன் முற்றுகையிட்டது உண்மை; 13 வருஷம் என்கிறார் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜொசீபஸ். ஆனால் தீவுக்கோட்டையை உடைத்துக் கொள்ளையடிக்க முடியவில்லை. அப்புறம் 29-ல், கி.மு. 571-க்குச் சரியாக வரும் தேதி போட்டு, எசேக்கியேல் இன்னொரு வாக்குச் சொல்கிறார்: பாரம் சுமந்து சுமந்து சேனையின் தலை மொட்டையாயிற்று, தோள் உரிந்தது, தீருவில் கூலி கிடைக்கவில்லை, ஆகையால் கூலியாக எகிப்தைக் கொடுக்கிறேன். அந்தப் புத்தகத்தில் தேதி உள்ள வாக்குகளில் இதுதான் கடைசி. நேபுகாத்நேச்சார் கி.மு. 568 வாக்கில் எகிப்தின்மேல் படையெடுத்ததற்கு உடைந்த களிமண் பலகை ஒன்று சாட்சி. எகிப்தைப் பிடித்து ஆண்டது அவன் அல்ல, கி.மு. 525-ல் வந்த பெர்சியன் காம்பிசஸ். பாபிலோனுக்கும் இதேதான்: ஏசாயா 13 சோதோம் கொமோராபோலக் கவிழும் என்கிறது, கி.மு. 539-ல் பெர்சிய ராஜா கோரேசின் சேனை சண்டையில்லாமல் உள்ளே நுழைந்தது என்று பாபிலோனிய நாளாகமம் எழுதி வைத்திருக்கிறது. ஊர் அழிந்தது மெதுவாக, பல நூற்றாண்டுகளில்.

இதற்குப் பதிலாகச் சிலர், 26-ல் "அவன்" என்பது "அவர்கள்" என்று மாறுகிறது, அது கி.மு. 332-ல் கடலுக்குள் பாதை போட்டு 7 மாதத்தில் தீருவைப் பிடித்த அலெக்சாண்டரைக் குறிக்கும் என்பார்கள். இருக்கட்டும். ஆனால் இனிக் கட்டப்படாது என்று சொன்ன தீரு இன்றும் லெபனானில் ஜனங்கள் குடியிருக்கிற ஊர்தான், பெயர் சூர். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, தொகுத்தவர்கள் 26-ஐத் திருத்தி எழுதிவிட்டு 29-ஐத் தூக்கிப் போட்டிருக்கலாம், போடவில்லை. எரேமியா 18-ல் குயவன் வீட்டில் சொல்லப்பட்ட விதி வேறு இருக்கிறது: அழிப்பேன் என்று சொன்ன நாடு திருந்தினால் நானும் மனம் மாறுவேன். அந்த விதிப்படி பார்த்தால் இவை பஞ்சாங்கக் கணிப்புகள் அல்ல, எச்சரிக்கைகள்.

ஆகவே சிரியாவில் குண்டு விழும்போதெல்லாம் "தமஸ்கு பாழான மண்மேடாகும், ஏசாயா 17:1 நிறைவேறுகிறது" என்று யூடியூபில் வரும் நம் போதகர்களைக் கேட்டால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது. அந்த வாக்கின் காலத்துத் தமஸ்கு கி.மு. 732-ல் அசீரிய ராஜா மூன்றாம் திகிலாத்பிலேசரிடம் விழுந்துவிட்டது. அதே 17-ஆம் அதிகாரம் நாலாம் வசனத்திலேயே யாக்கோபின் மகிமை மெலிந்துபோகும் என்று இஸ்ரவேலின் பக்கம் திரும்புவதை அந்த வீடியோக்களில் வாசிக்கக் கேட்டதே இல்லை.

வயிற்றெரிச்சல் விஷயத்துக்கு வருகிறேன், தட்டிக்கழிக்க வேண்டாம். ஒபதியா 21 வசனம்தான், எருசலேம் விழுந்த நாளில் ஏதோம் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்து, தப்பி ஓடினவர்களைப் பிடித்துக் கொடுத்த ஆத்திரம் அதில் இன்னும் சூடு ஆறவில்லை. யோவேல் 3-ல் "உங்கள் மண்வெட்டிகளைப் பட்டயங்களாக" அடியுங்கள் என்று நாடுகளுக்குச் சவால் விடப்படுகிறது, ஏசாயா 2-ன் சமாதான வரியை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து. நாகூமில் நினிவேயின் வீழ்ச்சி கொண்டாட்டம்தான்: சாட்டையின் ஓசை, பிணக்குவியல், அவமானம். இதைச் சுத்தம் செய்து அழகாக்க முடியாது. ஆனால் எழுதினவன் யாருக்குக் கீழே நசுங்கியிருந்தான் என்பதையும் பார்க்க வேண்டும். அசீரிய ராஜா சனகெரிப் கி.மு. 701-ல் யூதாவின் 46 அரணான ஊர்களைப் பிடித்ததாகத் தன் களிமண் ஆவணத்தில் தானே பெருமையடிக்கிறான். அவற்றில் ஒன்றான லாகீசின் ஆட்களைக் கழுவேற்றியதை நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான், அந்தப் பலகைகள் இன்று லண்டனில் இருக்கின்றன. அடிவாங்கினவன் அடித்தவன் விழும்போது கைதட்டுகிறான்.

ஆனால் அதே தொகுப்பில், பன்னிரு சிறு தீர்க்கதரிசிகளில், அதே நினிவேயைப் பற்றி யோனாவும் இருக்கிறது. இரண்டு புத்தகங்களும் ஒவ்வொரு கேள்வியோடு முடிகின்றன. நாகூமின் கடைசிக் கேள்வி: உன் ஓயாத பொல்லாப்பு யார்மேல்தான் பாயவில்லை? யோனாவின் கடைசிக் கேள்வி: வலது கைக்கும் இடது கைக்கும் வித்தியாசம் அறியாத 1,20,000-க்கும் அதிகமான மனிதரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற இந்த நகரத்துக்காக நான் பரிதபியாமல் இருப்பேனோ? இரண்டையும் ஒரே சுருளில் வைத்துத் தைத்தவர்கள் எதையும் வெட்டவில்லை. யூதர்கள் தங்கள்மேலேயே தீர்ப்பு எழுதப்படும் நாளாக நினைக்கிற யோம் கிப்பூர் அன்று, நாள் முழுக்க உபவாசம் இருந்து பிற்பகலில் ஜெப ஆலயத்தில் வாசிப்பது யோனாவை, நினிவே தப்பித்த கதையை.